மீதிக்குப் புல்

ஒரு லோடு ஜல்லி என்ன விலை என்றுதான்
லோரீன் டாக்கெட் போனில் கேட்டாள்.
எத்தனை லோடு வேண்டும் என்று
முதலில் யாரும் கேட்பதில்லை.

போய்ப் பார்த்தேன்.
தபால் பெட்டியிலிருந்து வீட்டுப் படி வரை
காலால் அளந்தால் நானூற்றுப் பத்து அடி.
சக்கரத் தடம் இரண்டும் இரண்டு ஓடை.
மார்ச் மழை இழுத்துப்போன மண்
கீழே கவுண்டி ரோட்டில் விசிறியாய்க் கிடந்தது.
"ஆம்புலன்ஸ் இங்கேயே நின்றுவிட்டது" என்றாள்,
தபால் பெட்டியைக் காட்டி.
அதற்குமேல் சொல்லவில்லை.
நான் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன்,
பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

வேண்டியது மூன்று லோடு.
கையில் இருந்தது ஒன்றுக்கு.
மீதிக்கு, பின்பக்கம் ஆறு ஏக்கர் புல்,
அறுத்துக்கொள் என்றாள்.
இறங்கி நடந்தேன். இடுப்பு உயரம்,
கதிர் தள்ளி, இன்னும் முற்றாத புல்.
ஓரமெல்லாம் சீடார்.
ஆள் நடமாட்டம் குறைந்த நிலத்துக்கு
முதலில் வரும் விருந்தாளி அதுதான்,
வந்தால் கிளம்பாது.
சரி என்றேன்.
காகிதம் சட்டைப்பையில் இருந்தது,
பேனா லாரியில்.

திங்கள் முழுக்க சீடார்.
மல்ச்சர் கடிக்கக் கடிக்க
ஒரு பள்ளிக்கூடமே பென்சில் சீவுகிற வாசனை.
வேலி வரிசையில் ஓர் ஓசேஜ் மரம்
தன்மேல் அடித்த முள்கம்பியை
யாருக்கும் தெரியாமல் விழுங்கி வைத்திருந்தது.
சத்தம் மாறியது. கையை எடுப்பதற்குள்
மூன்று பல் போச்சு. பல் ஒன்று அறுபது டாலர்.
யாரிடம் கேட்க, மரத்திடமா?

செவ்வாய், ரோடு.
என் மைத்துனன் வெர்லின் லாரியின் பின்கதவை
சங்கிலியில் நாலு கண்ணி தளர்த்தி
தொட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓட்டினான்,
சல்லடையில் மாவு இறங்குகிற மாதிரி ஜல்லி இறங்கியது.
கண்ணி ஐந்து என்றால் மேடு, மூன்று என்றால் பஞ்சம்.
நான் பிளேடைச் சாய்த்து
நடுவை ஆமை முதுகாக்கினேன்,
ஒருபுறம் வாய்க்கால், கீழே மதகுக்குப் புதுக் குழாய்.
எல்லோரும் ஜல்லியைத்தான் பார்ப்பார்கள்.
வேலை நடப்பது தண்ணீரோடு.

மூன்று நாள் வெயில் என்றது ரேடியோ.
புதன் அறுத்தேன், வியாழன் புரட்டினேன்.
வெள்ளி மதியம் கையில் எடுத்து முறுக்கினால்
புல் நொறுங்கவும் இல்லை, துவளவும் இல்லை:
கட்ட வேண்டிய நேரம்.
ஏழாவது உருளையில் பேலரின் பெல்ட் கிழிந்தது.
கடை நாற்பது மைல். கடைக்காரன் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

இரவு ஒரு மணிக்கு மழை.
தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்ததுமே
எழுந்துவிட்டேன். எதற்கு என்று கேட்டாள் என் மனைவி.
பதில் இல்லாமல் பூட்ஸ் மாட்டினேன்.

வயலுக்குப் போகவில்லை.
தபால் பெட்டி அருகில் லாரியை நிறுத்தி
டார்ச் அடித்தேன்.
தண்ணீர் ஆமை முதுகில் ஏறாமல்
ஓரம் ஓரமாய் வழிந்து வாய்க்காலில் விழுந்து
குழாய்க்குள் குனிந்து போய்க்கொண்டிருந்தது.
ஒரு கல் நகரவில்லை.
மேலிருந்து இன்னொரு டார்ச் இறங்கி வந்தது,
கணவனின் மழைக்கோட்டில் லோரீன்,
கை நுனி தெரியாத நீளத்தில்.
இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம்.
"உன் புல்" என்றாள்.
"ம்" என்றேன்.

ஞாயிறும் விடவில்லை.
வரிசை வரிசையாய்க் கறுத்துப்போன புல்லை
மாடு முகர்ந்துவிட்டு நகரும்.
ஏழு உருளைதான் விற்றேன்,
ஒன்றரை லோடுகூடத் தேறவில்லை.
பாழான புல்லில் இரண்டு டிரெய்லர் அள்ளி
அவள் வாய்க்கால் கரையிலேயே விரித்தேன்,
புது மண் கரையாதிருக்க.
அடுத்த வாரம் புல்லுக்கடியில் விதை முளைத்திருந்தது.

பில்லில் அதை எழுதவில்லை.
பல்லையும் எழுதவில்லை.
வெர்லினுக்கு மட்டும் இன்னும் நூற்றிருபது தர வேண்டும்,
கேட்டுக்கொண்டே இருக்கிறான்.